திருமுறையும் மிடறும்

தேவாரத் திருப்பதிகங்கள் நமக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தன. ஒன்று ஏடு, மற்றொன்று மிடறு. ஏட்டின் வரலாற்றைச் சைவ அன்பர் அனைவரும் அறிவர். தில்லையில் அடைத்துக் கிடந்த அறையும், கறையான் அரித்த சுவடிகளும், நம்பியாண்டார் நம்பிகளின் தொகுப்பும் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகள். மிடற்றின் வரலாறோ அங்ஙனம் எடுத்துப் பேசப்படுவதில்லை. பாடிய குரல் காற்றோடு போவதாகலின் அதற்கு வரலாறு ஏது என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. குரலைப் பயிற்றும் முறையொன்று நம் முன்னோரிடத்துத் திட்பமாக இருந்தது. அம்முறை நின்ற இடத்திற் பண்ணும் நின்றது. அது நில்லாத இடத்திற் சொல் மாத்திரமே எஞ்சிற்று. இதனையே ஈண்டு இயன்றவளவு காட்டப் புகுகின்றேன்.

இதனை எழுதத் தூண்டியது வீராம்பட்டினத்துக் கடற்கரை. புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த அம்மீனவர் பேரூர், செங்கழுநீரம்மன் திருக்கோயிலாற் புகழ் பெற்றது. ஆடித் திங்களில் நிகழும் அம்மன் தேர்விழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடந் தொட்டு இழுக்கும் வழக்கம் இருந்தது. 1954இல் அவர் ஆட்சி நீங்கிய பின்னும், புதுவை ஆட்சித் தலைவர்கள் வடம் பிடிக்கும் வழக்காக அது தொடர்ந்து வருகின்றது. ஊரை அடுத்துள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கில அறிஞர் அகழ்ந்து, உரோம நாட்டோடு நடந்த பண்டை வாணிகத்தை வெளிப்படுத்தினார். ஆனால் யான் அங்குச் சென்றது பழம்பொருள் காண அன்று. பணி ஓய்வு பெற்றுப் புதுவையில் தங்கிய என்னை, அவ்வூர் அன்பர் சிலர் தம் பிள்ளைகட்கு மாலைதோறும் தேவாரம் கற்பிக்க வேண்டினர். யான் ஓதுவார் அல்லேன். மடத்துப் பள்ளியில் இலக்கணமும் சாத்திரமும் கற்ற பண்டிதன். எனினும் இளமையிற் சில ஆண்டு ஓதுவார் வகுப்பில் இருந்தவனாகலின் இசைந்தேன்.

முதல் நாள் மாலை இருபது பிள்ளைகள் ஒருங்கே வாய் திறந்தபொழுது எழுந்த ஒலி அலையோசையை அமுக்கிற்று. குரல் வலிது, ஆயின் அது பாட்டன்று, கூவல். அரை நாழிகைக்குள் பலர்க்குத் தொண்டை கம்மிவிட்டது. மறுநாட் காலை கரையில் நின்று அவர்தம் தந்தையர் கரைவலை இழுப்பதைக் கண்டேன். ஒருவர் ஏலப்பாட்டின் தலையடியை எடுக்க, ஏனையோர் ‘ஏலேலோ’ என ஏற்று வடத்தை ஈர்த்தனர். ஒரு நாழிகைக்கு மேற்பட்டும் ஒருவர் குரலும் கம்மவில்லை. காரணம் கண்கூடாகத் தெரிந்தது. தலைவர் பாடும்போது மற்றையோர் மூச்சு வாங்குகின்றனர். அவர் நிறுத்தும்போது இவர் மூச்சோடு சொல்லை விடுகின்றனர். காலூன்றி ஈர்க்கும் அசைவும் மூச்சும் ஒரு நடையாகவே அமைந்துள்ளன. தந்தையர்க்கு மூச்சு முந்தி, ஒலி பிந்தி வந்தது. பிள்ளைகட்கு ஒலியே முந்திற்று. ஏட்டைக் கையில் எடுத்தவுடன் தந்தையிடம் கேட்டதை மறந்துபோயினர் போலும்!

மூச்சு முந்துவது, ஒலி அதனைப் பற்றி எழுவது என்னும் இவ்வுண்மையைத் தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலின் முகப்பிலேயே வைத்துள்ளார். உந்தியினின்று எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்து நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு உற்று, எட்டு வகை நிலையால் எழுத்தொலிகள் வேறுபட்டுப் பிறக்கும் என்பது ஆசிரியர் கருத்து. நன்னூலார் நெஞ்சு, கழுத்து, தலை, மூக்கு என நான்கிடம் கொள்வர். இலக்கண மாணாக்கர் இவற்றை எழுத்திற்கு மட்டும் உரியவென்று நெட்டுருச் செய்து கழிப்பர்; யானும் நெடுங்காலம் அங்ஙனமே கற்பித்தேன். பாடுவார்க்கோ இஃது உடம்பின் அமைப்பை உணர்த்தும் நூல். இசை நூலார் கூறும் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களையும் நெஞ்சு, மிடறு, தலை என்னும் மூன்றோடு பொருத்திப் பார்த்தால், எழுத்தும் இசையும் ஒரே மூச்சின் இருவேறு தொழில் என்பது விளங்கும். மேலைநாட்டுப் பாட்டாசிரியரும் தாழ்ந்த ஒலியை நெஞ்சுக்குரல் என்றும் உயர்ந்த ஒலியைத் தலைக்குரல் என்றும் வழங்குதல் நோக்கத்தக்கது.

மேலைநாட்டைக் குறித்தமையின் ஒரு செய்தியை இங்கே சொல்லல் வேண்டும். மிடற்றினுள் நிகழ்வதை உயிருள்ள மனிதனிடத்துத் தெளிவாகக் கண்டு உலகிற்கு உரைத்தவர் மருத்துவர் அல்லர், ஒரு பாட்டாசிரியர். மானுவேல் கார்சியா என்னும் அவர் இசுபானிய மரபினர். 1805இல் பிறந்து 1906 வரை நூறாண்டிற்கு மேல் வாழ்ந்தவர். இளமையில் மேடையிற் பாடிக் குரல் நலிந்தமையால் பாடுதலை விட்டுப் பாடக் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டார். பாரிசு நகரத்து இசைக்கல்லூரியிலும், பின்னர் இலண்டனிலும் ஆசிரியராயிருந்தார். 1854இல் பாரிசு நகரில் உலாவும்போது, பலகணிக் கண்ணாடிகளிற் பட்டு மின்னிய ஞாயிற்றொளி அவர்க்கு ஓர் எண்ணத்தைத் தந்தது. பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியை வாங்கி, வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, தம் உள்நாக்கிற்கு அணித்தாக வைத்து, கையிற் பிடித்த மற்றொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேற் பாய்ச்சினார். தம் குரல்வளை திறந்து மூடுவதையும், அதன் இரு நாண்களும் அதிர்வதையும் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் அக்காட்சி கட்டுரையாக வாசிக்கப்பட்டது. தம் குரலை இழந்தவரே குரலின் இருப்பிடத்தை உலகிற்குக் காட்டினார்.

பின்னையோர் ஆராய்ச்சியாற் பெறப்படுவது இது: நுரையீரலினின்று வரும் காற்று குரல்நாண்கள் இரண்டையும் விலக்குகின்றது, அவை தம் இயல்பினாலும் காற்றோட்டத்தினாலும் மீண்டும் கூடுகின்றன. ஆடவர் பேசும்போது நொடிக்கு ஏறக்குறைய 100 முதல் 150 முறையும், மகளிர் பேசும்போது 200 முறையளவும் இங்ஙனம் விலகிக் கூடுதல் நிகழும். நாண்கள் எழுப்புவது மெல்லிய ஒலியே. அதற்கு நிறமும் பொலிவும் தருவன மிடறு, வாய், மூக்கு என்னும் வெற்றிடங்கள். நாணை வருத்தி ஒலியைப் பெருக்க முயல்வோன் விரைவிற் கெடுவான். மூச்சை ஒழுங்கு செய்து வாயின் இடத்தைத் திறப்போன் நெடுநாட் பாடுவான். நம் நூல்கள் நாண்களைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் காற்று எழுமிடம், அது நிலைபெறும் இடம், அது உருப்பெறும் இடம் என மூன்று கூறாக்கியமை இவ்வுண்மையோடு மாறுபடவில்லை. எல்லாம் முன்னரே எம்மவர் கண்டுவிட்டனர் என்று தருக்குவது எனக்கு உடன்பாடன்று. கார்சியா கண்டதை நம்மவர் கண்டிலர். நம்மவர் காதாற் கண்டதை அவர் கண்ணாற் கண்டார் என்பதே நேர்மை.

காதாற் காணுதல் என்றேன். இதற்குச் சித்தாந்த சாத்திரம் ஓர் ஆழ்ந்த இடம் வகுத்துள்ளது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்கென்பதைச் சிவஞான சித்தியார் விரிக்கின்றது. மயில் முட்டையின் நீரில் தோகையின் வண்ணமெல்லாம் பிரிவின்றி ஒடுங்கிக் கிடத்தல்போல் எழுத்துக்கள் ஒடுங்கிய நிலை பைசந்தி. அவை உள்ளத்துள் முறைப்பட்டுப் பிறர் செவிக்குப் புலனாகாது நிற்பது மத்திமை. காற்றால் உந்தப்பட்டுக் கேட்போர் செவியில் விழுவது வைகரி. இஃது இசைப் பயிற்சிக்கென்று எழுந்த நூலன்று. வாக்கைக் கடந்த ஞானத்தை உணர்த்த எழுந்தது. எனினும் எனக்குக் கற்பித்த முதிய ஓதுவார் ஒருவர் இதனையே பாட்டுப் பாடமாகக் கொண்டார். பதிகத்தை அவர் மும்முறை பாடுவார். நாங்கள் வாய் திறத்தல் கூடாது. நான்காம் முறை உதட்டை மூடி உள்ளே பாடச் சொல்வார். ஐந்தாவதாகவே குரல் வரும். “மத்திமையில் இல்லாதது வைகரியில் வராது, தம்பி” என்பது அவர் வாய்மொழி. சாத்திரப் பொருளை இங்ஙனம் கையாளலாமோ என அக்காலத்தில் ஐயுற்றதுண்டு. இப்பொழுது ஐயமில்லை.

உதட்டை மூடிப் பாடுதல் அவர் கண்ட புதுமையுமன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இசையாசிரியனுக்கு வேண்டும் அறிவைத் தொகுக்குங்கால், யாழும் குழலும் முழவும் அறிதலோடு மிடற்றையும் ஒரு கருவியாக உடன் வைத்தெண்ணுகின்றது. அடியார்க்கு நல்லார் அப்பகுதிக்கு வரைந்த உரையில், மூலாதாரத்தினின்று எழும் நாதம் ஆளத்தியாகிப் பின் இசையும் பண்ணுமாய்ப் பெயர் பெறுமாற்றைப் பழஞ் செய்யுட்களால் விளக்குகின்றார். அங்கே ஆளத்தி செய்வோன் மகர ஒற்றினாற் சுருதியோடு கலத்தல் வேண்டும் என்றும், அதன்பின் குறிலும் நெடிலுமாகிய உயிர்களால் விரித்தல் வேண்டும் என்றும் விதி காணப்படுகின்றது. வாய் மூடி ‘ம்’ என்று இசைத்துச் சுருதியிற் படிந்து, பின் வாய் திறத்தல்! இன்று மேலைநாட்டுப் பள்ளிகளிலும் மாணாக்கனை முதலில் முனகப் பழக்குவர். மூடிய உதட்டில் நாண்கள் வருந்தா. மூக்கிலும் முகத்திலும் எழும் அதிர்ச்சியால் தன் ஒலி எங்கே நிற்கின்றது என்பதைப் பாடுவோன் உணர்வான்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தமிழிசையின் ஏழு நரம்புகளில் முதலாவதன் பெயர் குரல். துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அதனைப் பற்றி எழுவன. பாடுவோனின் குரலும் குரல், அடிப்படை நரம்பும் குரல். இப்பெயரொற்றுமை தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. அவரவர் மிடற்றுக்கு வருத்தமின்றி நிற்கும் ஒலியை முதலாக வைத்தே ஏனைய நரம்புகளை அமைத்தல் வேண்டும் என்பது அப்பெயரிலேயே அடங்கியுள்ளதாகக் கொள்கின்றேன். இக்காலத்தில் சுருதிப் பெட்டியின் ஒரு கட்டையை முடுக்கிவிட்டு, ஐந்து வயதுப் பெண்ணையும் பதினைந்து வயது ஆணையும் அதிலேயே பாடப் பணிப்பது நிகழ்கின்றது. பெட்டிக்குக் குற்றமில்லை.

இனித் தலங்களை நோக்குவோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிகளும் அவற்றின் சுற்றுப்புறமும் மிடற்றின் பெருமைக்கு உரியனவாய் அமைந்தமை வியப்பே. புதுவைக்கு வடமேற்கே, ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய இரும்பைமாகாளத்தில் அம்மையின் திருநாமம் குயில்மொழியம்மை. வில்லியனூரில் கோகிலாம்பிகை. திருமறைக்காட்டில் யாழைப் பழித்த மொழியம்மை எழுந்தருளியிருப்பதை யாவரும் அறிவர். குரலினிமையை இறைவியின் பெயராகவே வைத்து வணங்கியது நம் நாடு.

காரைக்காலோ அதனினும் சிறந்தது. மூவர்க்கும் முற்பட்ட காரைக்காலம்மையார் திருவாலங்காட்டிற் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. அவற்றுள் ஒன்றில் அம்மையார் துத்தம் முதலிய நரம்புகளின் பெயர்களையும், பலவகை முழவுகளின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லியுள்ளார். வணிகர் குலத்தில் பிறந்த ஒரு பெண்மணிக்கு இசை நுட்பம் இத்துணை தெளிவாக இருந்ததென்றால், அக்காலத்தில் அவ்வறிவு பாணர் குடிக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை என்று துணியலாம்.

காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்திற்கு வருவோம். (மயிலாடுதுறையை அடுத்து ஆதீனம் விளங்கும் தருமபுரம் வேறு.) திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் இஃது என்பர் சேக்கிழார் பெருமான். அவ்வூரிலிருந்த சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகம் உலகிற் பரவுவது பாணர் யாழில் இட்டு வாசித்தலால் என்று பெருமை பேசினர். பாணர் அஞ்சி நடுங்கி, யாழில் அடங்காததொரு பதிகம் பாடியருள வேண்டும் எனப் பிள்ளையாரை இரந்தார். பிள்ளையார் பாடியருளினார், யாழ் தொடர முடியாது நின்றது. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, கருவியில் அகப்பட்டவளவு வாசித்தலே அமையும் என்றருளினார். அத்தலத்து இறைவர்க்கு யாழ்மூரிநாதர் என்னும் திருநாமம் இன்றும் வழங்குகின்றது.

இவ்வரலாற்றை இறைவன் திருவருளின் அற்புதமாகப் போற்றுகின்றோம், அது முறையே. அதனோடு குரற்கூறு ஒன்றும் இதன்கண் உளது. பண்டை யாழ், விபுலானந்த அடிகளார் ஆராய்ந்து காட்டியவாறு, வில்லைப் போல வளைந்து, ஒவ்வொரு நரம்பும் ஒவ்வோர் ஒலியே தரத் தனித்தனி கட்டப்பட்ட கருவி. வீணையிற்போல் மெட்டின்மேல் விரலை வைத்து நரம்பை இழுத்து ஒலியை வளைக்க இயலாது. மிடறோ ஒரு நரம்பினின்று மற்றொன்றிற்கு இடையறாது வழுக்கிச் செல்ல வல்லது; இரண்டிற்கும் நடுவே உள்ள நுண்ணொலிகளிலெல்லாம் தங்கவும் அசையவும் வல்லது. அத்தகைய அசைவு மிக்க பதிகத்தின் முன் யாழ் நின்றுவிட்டதில் வியப்பில்லை. இஃது என் கருத்தேயன்றிச் சேக்கிழார் வாக்கன்று. ஆயினும் கருவியை உடைக்க வேண்டா, அதனால் இயன்றதைச் செய்க என்று பிள்ளையார் அருளியது, ஓர் ஆசிரியர் மாணாக்கனுக்குச் சொல்லத் தகும் சொல்லாகவே எனக்குப் படுகின்றது.

மூவர்க்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் திருப்பதியம் பாடுவாரைக் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். பல்லவர் காலத்திலேயே திருவல்லத்துக் கல்வெட்டில் அவர்க்கு நிவந்தம் விடப்பட்டுள்ளது. ஆகவே முதலாம் இராசராசனுக்கு முன் பாட்டு முழுதும் அற்றுப்போயிருந்தது என்பதற்கில்லை. திருமுறைகண்ட புராணமும், வேந்தன் மூவர் பதிகங்களுள் ஓரொன்றைப் பாடக் கேட்டு உருகியே ஏனையவற்றைத் தேடத் தொடங்கினான் என்கின்றது. சில மிடறுகளிற் சிறிது நின்றது. அச்சிறிதே முழுதையும் தேடச் செய்தது. ஏடுகள் தில்லையிற் கிடைத்தன. சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அப்பொழுது, விருத்தாசலத்தை அடுத்த திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண் ஒருத்தி உளள் என அசரீரி உரைக்க, அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பண் அடைவு வகுத்தனர். ஏட்டைக் கண்டெடுத்த நம்பியின் பெயரை நாம் நாடோறும் சொல்கின்றோம். பண்ணைத் தந்த அம்மையின் பெயரை எந்த ஏடும் காத்துத் தரவில்லை. அவள் மிடறு இல்லையேல் இன்று நட்டபாடை என்றும் கௌசிகம் என்றும் பதிகந்தோறும் பெயர் எழுத நமக்கு வாய்த்திராது.

பெருவேந்தன் இதனை நன்குணர்ந்தவன் என்பது தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டால் தெரிகின்றது. இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டு வரையில் அவன் அமைத்தவாறு, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனுமாக 50 பேர் அங்கிருந்தனர். ஒருவர்க்கு நாள்தோறும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் முக்குறுணி நெல். கலத்திற்குப் பன்னிரு குறுணியாக, நாளொன்றிற்குப் பன்னிரண்டரைக் கலம் நெல் குரலுக்கென்று அளக்கப்பட்டது! இத்தொகையினும் என் மனத்தைக் கவர்ந்தது அக்கல்வெட்டிலுள்ள ஒரு விதி. இவர்களுள் ஒருவர் இறந்தாலும், ஊர் விட்டுப் போனாலும், அவர்க்கு அணுக்கமான உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தாம் அதற்குத் தகுதியிலராயின் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின் மற்றைப் பிடாரர் கூடித் தக்காரைத் தெரிந்தமர்த்தல் வேண்டும். காணி வழிவழி வரும்; குரல் அங்ஙனம் வாராது. மைந்தன் என்ற அளவால் ஒருவன் பாடவல்லனாகான் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கல்லில் வெட்டிவைத்தான் சோழன். பிற்காலத்தில் முறை என்றும் பாத்தியம் என்றும் சொல்லி, வாய் திறக்கமாட்டாதாரும் ஓதுவார் நெல்லை உண்டமை இவ்விதியை மறந்ததனால் வந்தது.

வீராம்பட்டினத்திற்கு மேற்கே, விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரிலும் சோழர் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அங்கே திருப்பதியம் பாடக் கண்ணில்லாதார் 16 பேரும், அவர்க்குக் கண் காட்டுவார் இருவரும் நிவந்தம் பெற்றனர். இதனை அறச்செயலாக மட்டும் கொள்வாருண்டு. யான் இதனை இசைப் பயிற்சியின் சான்றாகவும் கொள்வேன். கண்ணில்லாதார் ஏட்டைப் பாரார். ஆசிரியர் வாயினின்று செவியும், செவியினின்று மிடறும் கொண்டாலன்றி அவர்க்குப் பதிகம் இல்லை. பதினாறு பேர் ஒருங்கு நின்று பாடும்போது, ஒருவர் மற்றொருவர் மூச்சைக் கேட்டே சொல்லெடுத்திருத்தல் வேண்டும். கரைவலை ஈர்ப்போர் பாட்டைக் கேட்டபின் அவர்களை யான் பலகால் நினைத்ததுண்டு.

சோழர்க்குப் பின் அரசர் நெல் குறைந்தது. மடங்கள் அச்சுமையை ஏற்றன. அவை இலவேல் இன்று ஓதுவார் என்னும் சொல்லே இராது. எனினும் இழப்பு நேர்ந்தது. நூற்றுமூன்று பண் என்று பேசப்படும் தொகையுள் தேவாரத்தில் நாம் கேட்பன இருபதுக்குச் சற்று மேற்பட்டனவே. அவையும் இன்று இராகப் பெயர்களோடு ஒட்டியே வாழ்கின்றன. மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், செந்துருத்தியை மத்தியமாவதியாகவும் ஓதுவார் பாடுகின்றனர். இவை பழம்பண்ணேயோ, பின்வந்தோர் அமைத்துக்கொண்டனவோ என்னும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் இவ்வாராய்ச்சிக்குத் தூண்கள். அடிகளார் தம் நூல் அரங்கேறிய அடுத்த திங்களிலேயே சிவனடி சேர்ந்தார். குடந்தை ப. சுந்தரேசனார் ஊர்தோறும் சென்று, எளிய மக்கள் நடுவே நின்று பாடிப் பண்ணைப் பரப்பினார். நூலெழுதினாரைப் போற்றும் அளவிற்கு அவரைப் போற்றினோமா என்பது ஐயம்.

1917ஆம் ஆண்டைக் குறித்ததனால் மற்றொன்று நினைவிற்கு வருகின்றது. ஞானசம்பந்தர் பதிகங்களுள் ஏடுகளில் இல்லாத திருவிடைவாய்ப் பதிகம் அவ்வாண்டிலேதான் அக்கோயிற் கல்வெட்டினின்று கண்டெடுக்கப்பட்டது. கல் சொல்லைக் காத்தது. நெடுங்காலம் அதனைப் பாடிய மிடறு ஒன்றும் இல்லை.

இந்நாளில் ஒலிப்பதிவு வந்துவிட்டது. தருமபுரம் ப. சுவாமிநாதனார் போன்றோர் திருமுறைகளைப் பெரும் அளவிற் பாடிப் பதிந்து வைத்திருத்தல் நம் தவப்பயன். வீராம்பட்டினத்துப் பிள்ளைகளும் கைப்பேசியில் அவற்றைக் கேட்கின்றனர். கேட்டலில் மத்திமை பழகும். ஆனால் பதிவு தன்னைக் கேட்போன் மிடற்றைக் கேளாது. அவன் எங்கே மூச்சை முறித்தான், எந்த எழுத்தை மூக்கிற் சிக்க வைத்தான் என்று சொல்லாது. சுத்தாங்கமாகத் தாளமின்றிப் பாடும்போது மூச்சு எங்கே வாங்குவதென்பதைப் பொருளறிந்த ஆசிரியர் அருகிலிருந்தே காட்டல் வேண்டும். சொற்பிளவு பட நிறுத்தினால் பொருள் கெடும். பொருளுக்காக மூச்சை இறுக்கினால் குரல் கெடும். பண்ணாங்கமாகத் தாளத்தோடு பாடுதல் இவ்வகையில் எளிது.

இங்கே என் கதையைச் சிறிது சொல்லுதலைப் பொறுத்தருள்க. பதின்மூன்றாம் வயதில் என் குரல் உடைந்தது. ஆண்பிள்ளைகட்கு 12 முதல் 15 வயதிற்குள் குரல்வளை பெருத்து நாண்கள் நீள்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு தானம் தாழ்ந்துவிடுகின்றது. அக்காலத்திற் பழைய உச்சத்தை எட்ட வருந்துவது கேடு. முற்கூறிய முதிய ஓதுவார் என்னைக் கண்டவுடன், “ஆறு திங்கள் வாய் திறவாதே, தாளம் போடு, கேள், பொருள் படி” என்றார். அவ்வாண்டே அவர் ஓய்வு பெற்றார். பின்வந்த ஆசிரியர் திருவிழா அணித்தாக வந்தமையின், வகுப்பிலிருந்த நால்வரையும் பழைய சுருதியிலேயே பாடவைத்தார். இருவர் குரல் சில ஆண்டுகளில் தேறிற்று. மற்றிருவரில் ஒருவன் வணிகத்திற் புகுந்தான். எஞ்சிய யான் ஓதுவார் வகுப்பை விட்டு இலக்கண வகுப்பிற் போய் அமர்ந்தேன். அவ்வாசிரியரை யான் நொந்துகொள்வதில்லை. அவர்க்கும் ஒருவர் அங்ஙனமே கற்பித்திருப்பார். கார்சியாவின் வரலாற்றை முதன்முதற் படித்த அன்று இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை என்பதை மட்டும் மறைக்கமாட்டேன்.

வீராம்பட்டினத்தில் இப்பொழுது நாங்கள் ஏட்டை எடுப்பதற்கு முன் கால்நாழிகை வாய்மூடி ‘ம்’ என இசைக்கின்றோம். கரைவலைக்கு நிற்பதுபோல் காலூன்றி நிற்கச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தனர். ஆயின் உடனே புரிந்துகொண்டனர். ஒருவன் தலையடி எடுக்க ஏனையோர் மூச்சு வாங்கி ஏற்கின்றனர். பெண்பிள்ளைகள் எழுவர் உளர். அவர்கட்கு எருக்கத்தம்புலியூர் அம்மையின் கதையைச் சொன்னேன். 2021இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண்மணி அரசினரால் ஓதுவாராக அமர்த்தப்பட்ட செய்தியையும் சொன்னேன். “அந்த அம்மா பேர் என்ன ஐயா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மாடம்பாக்கத்து அம்மையைக் கேட்கின்றாள் என்று எண்ணி அவர் பெயரைச் சொன்னேன். “இல்லை ஐயா, அந்தப் பழைய அம்மா” என்றாள்.

சென்ற மாசித் திங்களில், கூட்டத்தில் நல்ல குரலுடைய பையன் ஒருவன் பாட்டின் நடுவே குரல் பிளந்து நாணி நின்றான். அவன் கையில் தாளத்தைக் கொடுத்து என் அருகில் அமர்த்திக்கொண்டேன். ஆவணி வரை அவன் பாடமாட்டான்.